பேனா மூடி

— அந்தப் பலகை வேணாம், வை. கையில எடுத்தாலே கனக்குது.

— இருக்கறதுலயே இதுதாங்க லேசு. கடைக்காரர் தராசுல போட்டுக் காட்டிட்டுத்தான் குடுத்தார்.

— பால்சா மரத்துல லேசுன்னா, கையில இருக்கறதே தெரியக் கூடாது. நகத்தால அழுத்து. பள்ளம் விழுதா?

— கொஞ்சூண்டு.

— அப்ப அது இறக்கைக்குள்ள வர்ற சட்டத்துக்கு. மெத்துன்னு அமுங்கறதை வாலுக்கு வச்சுக்க. வால் கனத்துட்டா விமானம் மூக்கைத் தூக்கிக்கும்... அப்புறம் நாம தரையில பொறுக்க வேண்டியதுதான்.

— இத்தனை வருஷமா நீங்க ரிமோட் விமானம் செய்யச் செய்ய மரத்தூள் கூட்டறேன், இது தெரியாதா எனக்கு? இந்தாங்க, சட்டத்துக்கு இதுல எது நல்லதுன்னு ரேகையைப் பாத்துச் சொல்லுங்க.

— குடு... ம்... இது. வளைஞ்சு குடுக்க மாட்டேங்குது பாரு.

— ஏன் வளைச்சுப் பாக்கறீங்க? எப்பவும் ஜன்னல்கிட்ட தூக்கிப் பிடிச்சு, மீன் செதில் மாதிரி மினுக்குதான்னுதானே பாப்பீங்க?

— வளைச்சாலும் தெரியும். நீ வரைபடத்தை விரி.

— விரிச்சுத்தான் இருக்கு. உங்க கையே அது மேலதான் இருக்கு.

— ஆங்... சரி. இதை ஒன்றரை மடங்காக்கணும்.

— ஒன்றரையா! அவ்வளவு பெரிசு எதுக்கு? இந்தக் கதவுல நுழையுமா?

— இறக்கை கழட்டற மாதிரி வச்சுக்கலாம். ஒன்றரைன்னா பலகைத் தடிமனை என்ன பண்ணுவ? சொல்லு.

— என்ன, பரீட்சையா? சின்னப் புள்ள சட்டையைப் பெரியவங்க அளவுக்குத் தைச்சா, பட்டனையுமா பெரிசாக்குவேன்? நீளமும் அகலமும் கூடட்டும். தடிமன் அப்படியே இருக்கட்டும். இறக்கை நடுவுல ஓடற குச்சிக்கு மட்டும் பைன் மரம் போட்டுக்கலாம், அது தாங்கும்.

— தையல்காரியைக் கட்டிக்கிட்டது வீண் போகல.

— ஐஸ் வைக்காதீங்க. அடுத்து என்ன?

— இறக்கை நுனி ரெண்டையும் இன்னும் மேல தூக்கிடு. இறக்கையில ஆடற அந்த மடிப்பு ரெண்டும் வேணாம். வால்லயே திருப்பிக்கலாம்.

— அப்ப குட்டிக்கரணமே போட முடியாதே! தலைகீழா ஓட்டி எல்லாரையும் மிரட்டற ஆளு நீங்க.

— போட்டது போதும்... இது கையை விட்டாலும் தானா நேராகணும். மெதுவாப் போகணும்.

— ...சரி.

— என்ன, சட்டுனு அடங்கிட்ட?

— ஒண்ணுமில்ல. சாக்பீஸைத் தேடினேன். ஆமா, ரிமோட்டைப் பழுது பாக்கக் குடுத்தீங்களே, அந்தாளு குச்சியை மாத்தி வச்சிருக்கான். வேகம் வலது பக்கம் வருது, திருப்பறது இடது பக்கம். கவனிக்கலையா?

— அது இருக்கட்டும்.

— இருக்கட்டுமாவது! பழகின கைக்கு எல்லாம் தலைகீழா இருக்கு, எப்படி ஓட்டுவீங்க?

— இருக்கட்டும்னு சொல்றேன்ல. விடேன்.

— விட்டாச்சு. மேல ஒட்டற தாள் என்ன கலர்?

— உனக்குப் பிடிச்சது.

— எனக்குப் பிடிச்சது வெளிர் நீலம். வானத்துல போனா காணாமப் போயிடும். கண்ணுக்குப் பளிச்சுனு தெரிய வேணாமா?

— அப்ப ஆரஞ்சு ஒட்டு. அப்புறம்... இறக்கை நுனியில ஒரு பேனா மூடியை ஒட்டிடு. வாய் முன்னாடி பாத்து இருக்கணும்.

— பேனா மூடியா? காத்து புகுந்து விசில் அடிக்குமே! மைதானத்துல எல்லாரும் சிரிப்பாங்க.

— சிரிச்சுட்டுப் போகட்டும்.

— என்னங்க... இப்படி உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

— போன விமானம் விழுந்தப்ப, உள்ள இருக்கற ரிசீவர் போயிடுச்சு, சிக்னல் வரலைன்னு சொல்லிட்டு அதைக் குப்பைத் தொட்டியில போட்டீங்கல்ல. நான் எடுத்து வச்சேன். மாட்டிப் பாத்தேன். நல்லா வேலை செய்யுது. இதுலயும் அதைத்தான் வைக்கப் போறேன்.

— அதையா எடுத்து வச்சிருக்க?

— ஊசியில நூல் கோக்கறவ நான். உங்க கண்ணு எங்க தடுமாறுதுன்னு தெரியாதா? வாசல்ல என் செருப்பை மாட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்கே தெரியும். நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்லவே இல்ல. அதான் எனக்கு வலிக்குது.

— சொன்னா அழுவ.

— சொல்லாமயும் அழுதேன். டாக்டர்கிட்ட போனீங்களா?

— ரெண்டு பேர்கிட்ட. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் பேசினாங்க. கொஞ்ச நாள்ல வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியுமாம். சரி பண்ண முடியாதாம்.

— போகட்டும்... இருக்கற வரைக்கும் ஓட்டுங்க. பெரிசா, மெதுவா, உங்க கண்ணுக்கு எட்டற மாதிரி வேணும்னுதானே இவ்வளவும் மாத்தினீங்க? அது புரிஞ்சுதான் நானும் வாயை மூடிக்கிட்டு வெட்டறேன்.

— என் கண்ணுக்கு இல்ல.

— பின்ன?

— ரிமோட்டை எடு. திருப்பற குச்சியைத் தள்ளிப் பாரு. எப்படி இருக்கு?

— ...என் கைக்கு... சரியா இருக்கு.

— நீ இடது கையாலதானே கத்திரி பிடிப்ப? நான்தான் மாத்தச் சொன்னேன். புதுசா ஓட்டறவங்க கையைத் தாங்கற மாதிரிதான் எல்லாத்தையும் மாத்தினேன்.

— நானா? ஐயோ, நான் ஒரு நாளும் ஓட்டினதே இல்லையே! நீங்க என்ன பண்ணுவீங்க?

— பக்கத்துல நிப்பேன். பேனா மூடி விசில் அடிக்கும்ல... எங்க போகுது, ஏறுதா இறங்குதான்னு கேட்டுக்குவேன். எனக்கு அது போதும்.

— போதுமா... நெஜமாவா?

— போதாதுதான். ஆனா அதையும் விட்டுட்டு, மைதானத்துப் பக்கமே போகாம வீட்டுல உக்காந்திருக்க என்னால முடியாது.

— எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க கடைசியாப் பண்ற விமானம்... என் கையால விழுந்து நொறுங்கிட்டா?

— ரிசீவர் போயிடுச்சுன்னு சொல்லு. நீ என்னை நம்பின மாதிரியே நானும் நம்பிடறேன்.