ரோஸ் கால் கேப்டன்

இல்ல தம்பி, அவனை அந்த டப்பாக்குள்ள போட்டு மூடாதீங்க. இப்படி மேசை மேல நிக்க வையுங்க. நிப்பான், நிப்பான். கொஞ்சம் இடது பக்கமா சாய்ச்சு விட்டா நிப்பான். பாத்தீங்களா? ஒத்தக் காலன்னாலும் கேப்டன் கேப்டன்தான்.

வேற ஆள் கேட்டிருக்காரா? யாரு, கார்ல வருவாரே கண்ணாடிக்காரரு, அவரா? அட, அவரு இவனை வாங்க மாட்டாரு தம்பி. காலைப் பாத்த உடனே கீழ வச்சுட்டுப் போயிடுவாரு. பழைய பொம்மை சேக்குறவங்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பெட்டியோட இருக்கணும், பெயின்ட் உரியக் கூடாது, இடுப்புக் கத்தி தொலையக் கூடாது. இவனுக்குப் பெட்டியும் இல்ல, கத்தியும் இல்ல. கட்டைக் கால் வேற ரோஸ் கலர்ல. நடுக்கடல்ல கப்பலைக் கொள்ளையடிக்கிற தடியன் ரோஸ் கலர் கால் வச்சிருந்தா எவன் பயப்படுவான் சொல்லுங்க? அதனால எனக்கே குடுத்துடுங்க. நான்தான் இதுக்குன்னே பொறந்த இளிச்சவாயன்.

சிரிங்க, சிரிங்க. இந்த வயசுல பொம்மை வாங்குறானேன்னு உங்களுக்குத் தோணும். என் வீட்டுக்காரியே முன்னாடி சொல்லுவா, ஊருல ஆம்பளைங்க நிலம் வாங்குறாங்க, வீடு வாங்குறாங்க, என் தலையெழுத்து, இவரு கொள்ளைக்காரங்களை வாங்கி வீட்டுக்குள்ள வைக்கிறாருன்னு. இப்ப சொல்றதில்ல.

அதை விடுங்க. நான் வந்தது வேற ஒண்ணு பேச. அந்த ஒல்லிப் பையன் இனிமே வந்தா வாங்க மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே? உங்க கடையில ஃபேன் துடைச்சுட்டு இருந்த ஆள் சொன்னாரு. ஏன் தம்பி? அவன் ஒருத்தன் கிட்டேர்ந்துதான் இந்தப் பொம்மை வருது. உங்க கடையில பழைய மிக்ஸி, நின்னு போன கடிகாரம், கைப்பிடி இல்லாத சூட்கேஸ், இதையெல்லாம் யாரு வேணா கொண்டு வருவான். கொள்ளைக்காரனுக்கு அவன் ஒருத்தன்தான். அவனைத் துரத்திட்டா நான் எங்க போவேன்?

திருட்டுச் சாமானா இருக்குமோன்னு பயமா இருக்கா. சரி, நியாயம்தான். கடை வச்சிருக்கீங்க, நாலு பேரு வந்து போற இடம். உங்களை நான் தப்பு சொல்லல.

கொஞ்சம் உக்காந்துக்கறேன். முட்டி வலி. இந்த ஸ்டூல் உடையாதே? உடைஞ்சா நான் வாங்கிக்கறேன், கவலைப்படாதீங்க.

எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொல்றேன், அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க. எனக்குத் தொழில் பல்லு செட்டு செய்யுறது. டாக்டருங்க வாய அளவெடுத்து அனுப்புவாங்க, நான் லேப்ல உக்காந்து பல்லு அடுக்கி, ஈறு வச்சு, தேய்ச்சுப் பளபளன்னு அனுப்புவேன். ஊருல பாதிப் பேரு சிரிப்பு என் சிரிப்புதான், யாருக்கும் தெரியாது. அதுல ஒரு டாக்டரு, குழந்தைங்க அழாம இருக்கட்டும்னு மேசையில இந்தக் கொள்ளைக்காரங்களை வரிசையா நிறுத்தி வச்சிருந்தாரு. ஒத்தக் கண்ணன், கொக்கிக் கையன், மொட்டத்தலையன், கரண்டியோட ஒரு சமையக்காரன். எல்லாத்து மேலயும் புள்ளைங்க பல்லுத் தடம். கிளினிக்கை மூடறப்ப, உன் பையனுக்குக் குடுப்பான்னு மொத்தமாத் தூக்கிக் குடுத்துட்டாரு.

ஆமா, பையன் இருக்கான். ஒருத்தன்தான்.

அதுல கேப்டனுக்கு மட்டும் ஒரு கால் இல்ல. முட்டியோட மொட்டையா நின்னுது. நான் என்ன நினைச்சேன், பாவம், எந்தக் குழந்தையோ கடிச்சுத் துப்பிடுச்சு போலன்னு. தொழில்காரன் கை சும்மா இருக்குமா? லேப்ல ஈறு செய்யுற பிளாஸ்டிக் இருந்துச்சு. அளவெடுத்து, மெழுகுல அச்சு புடிச்சு, பூட்ஸ் எல்லாம் வச்சு நல்ல ஒரு முழுக்கால் செஞ்சு ஒட்டிட்டேன். ஒட்டுன இடமே தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை. வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுத்தா பையன் வாங்கிப் பாத்துட்டு ஓன்னு அழறான். என்னடான்னா, அப்பா, அவருக்கு ரெண்டு கால் இருக்கக் கூடாதுப்பா, அவருக்குக் கட்டைக் கால்ப்பா, அது கழண்டு போச்சுப்பான்னு. எனக்கு என்ன தெரியும்? பல்லு இல்லைன்னா பல்லு வைக்கணும், கால் இல்லைன்னா கால் வைக்கணும், அவ்வளவுதான் நமக்குத் தெரிஞ்ச சாஸ்திரம்.

சரின்னு ரெண்டு பேரும் உக்காந்து அந்தக் காலை அறுத்துத் தேய்ச்சுக் கட்டைக் காலா மாத்தினோம். அவன் புடிச்சுக்கிட்டான், நான் தேய்ச்சேன். ஈறு பிளாஸ்டிக் இல்லையா, ரோஸ் கலரு. பிரவுன் பெயின்ட் அடிக்கலாம்டான்னேன். வேணாம்ப்பா, இப்படியே இருக்கட்டும், தொலைஞ்சு போனாக்கூட நம்ம கேப்டன்னு அடையாளம் தெரியும்னான்.

ஆமா தம்பி. அவனேதான். திருப்பிப் பாருங்க, அடியில அரம் தேய்ச்ச கோடு இருக்கும்.

அதுக்கப்புறம் பைத்தியம் புடிச்சுப் போச்சு ரெண்டு பேருக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா பழைய சாமான் கடை கடையா ஏறி இறங்குவோம். பீரங்கிக்காரன் ஒருத்தன் கிடைச்ச அன்னிக்கு அவன் பஸ்ஸு முழுக்கத் தூங்காம கையிலயே புடிச்சிட்டு வந்தான். அவனுக்கு மீசை முளைச்சப்புறம்கூட வந்தான், பாக்குறவங்க சிரிப்பாங்கன்னு பொம்மைய மட்டும் என்னைக் கேக்கச் சொல்லுவான்.

சொல்லிட்டேன், இன்னும் என்ன மறைக்கிறது. திருட்டுச் சாமான்தான் தம்பி. என் வீட்டு அலமாரியிலேர்ந்துதான் எடுத்துட்டு வரான். அந்த ஒல்லிப் பையன் என் புள்ள.

ஐயோ, நீங்க எந்திரிக்காதீங்க. உங்க மேல எனக்கு என்ன கோபம்? உங்களுக்கு எப்படித் தெரியும்? போலீசா? எதுக்கு? என் பொம்மைய என் புள்ள எடுக்கிறான், நான் காசு குடுத்துத் திரும்ப வாங்குறேன். இதுல யாரு யாரை ஏமாத்தினா?

வெயில் கொளுத்துற நாள்லயும் முழுக்கை சட்டை போட்டுட்டு வருவானே, நீங்க யோசிச்சிருப்பீங்க. ஊசி. அந்த எழவெடுத்த பழக்கம். ஆஸ்பத்திரியில சேத்துப் பாத்தோம், என் வீட்டுக்காரி அவன் காலப் புடிச்சு அழுது பாத்தா, நான் அடிச்சும் பாத்தேன். நல்லாயிட்டான்னு நினைப்போம், திரும்ப அதே குழியில போய் விழுவான். அப்புறம் வீட்டை விட்டே போயிட்டான். ஆனா நாங்க இல்லாத நேரமாப் பாத்து ஜன்னல் வழியா வந்து எதையாச்சும் எடுத்துட்டுப் போவான். சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க, பூட்டை மாத்து, ஜன்னலுக்குக் கம்பி போடுன்னு. போட்டேன். வரதை நிறுத்திட்டான். மழைக்காலம் முழுக்க ஆள் இருக்கானா இல்லையான்னு தெரியல. அடையாளம் தெரியாத பிணம் இருக்குன்னு யாராச்சும் சொன்னா அவ கிளம்பிடுவா, நான் பின்னாடியே ஓடுவேன். ஒவ்வொரு தடவையும் வேற யாரோ பெத்த புள்ள. அவங்களுக்காக அழறதா, நம்ம புள்ள இல்லைன்னு சந்தோஷப்படுறதா? அப்படி ஒரு பொழப்பு.

அதுக்கப்புறம் கம்பியக் கழட்டிட்டேன்.

இப்ப அலமாரிய ஜன்னல் பக்கமாவே திருப்பி வச்சிருக்கோம். வாரத்துல ஒரு நாள் மத்தியானம் ரெண்டு பேரும் வேணும்னே வெளிய போயிடுவோம். அவ சோறு போட்டு மூடி வச்சுட்டு வருவா. பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்திருப்போம். திரும்பி வந்து பாத்தா ஒத்தக் கண்ணன் இருக்க மாட்டான். அப்பாடா, உசுரோட இருக்கான். மறுநாள் உங்க கடைக்கு வந்து ஒத்தக் கண்ணனை வாங்கிட்டுப் போய் அதே இடத்துல நிறுத்துவேன். தெரியாமயா இருக்கும் அவனுக்கு? அதே ஒத்தக் கண்ணனை எத்தனை தடவை எடுத்திருப்பான்! அவனும் கேட்டதில்ல, நாங்களும் சொன்னதில்ல. ஒரு நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவுத்து வச்சிருந்தான். அவ அந்தத் தட்டை இன்னும் யாருக்கும் போடல.

அதான் சொல்றேன், நீங்க வாங்க மாட்டேன்னுட்டா அவனுக்கு என் வீட்டுல வேற என்ன இருக்கு? எதுக்கு வருவான்?

திருந்துவானா? தெரியல தம்பி. இல்ல, பொய் எதுக்கு, தெரியும். மாட்டான். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருத்தர் கிட்ட ஒருத்தர் சொல்லிக்கறதில்ல, அவ்வளவுதான். இத்தனை நாள் எல்லாத்தையும் எடுப்பான், கேப்டனை மட்டும் தொட மாட்டான். அதை வச்சுத்தான் நாங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டுட்டு இருந்தோம். நேத்து மத்த எல்லாரும் இருக்காங்க, இவன் மட்டும் இல்ல. சோத்தையும் தொடல.

குடுக்கும்போது ஏதாச்சும் சொன்னானா? இந்தக் காலைப் பத்தி, எதாச்சும்? யோசிச்சுப் பாருங்க.

ஒண்ணுமே சொல்லலையா. சரி. செருப்பு போட்டிருந்தானா? கவனிக்கலையா. பரவால்ல, உங்களுக்கு ஆயிரம் வேலை.

குடுங்க, பை வேணாம், சட்டைப் பையிலயே வச்சுக்கறேன். அப்ப அவன் வந்தா வாங்கிக்குவீங்கல்ல? உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னொண்ணு, அவன் மேல இரக்கப்பட்டு விலையக் கூட்டிக் குடுத்துடாதீங்க. கொறைச்சலாவே குடுங்க தம்பி. நிறைய குடுத்தா அவன் அடுத்து வர நாளாவும்.