கரண்டியில் வரும் சீமெந்து

கலவான ஊருக்குப் போகும் பஸ்ஸில் மழைக்கு ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா. பக்கத்தில் மட்டப்பலகையை மடியில் வைத்தபடி ஒரு மேசன்; கொத்து வேலைக்காரரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் அந்த அம்மா சொன்னது அப்படி.

“எங்க வீட்டுக்காரர் கல்லறைய கரண்டியால வழிச்சு எடுக்கலாம் பாஸ்.”

“என்னக்கா சொல்றீங்க? நான் பூசி ரெண்டு வருசந்தானே ஆகுது.”

“கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிக்கப் போனேன். பிரஷ்ஷோட சீமெந்தும் சேந்து வந்திருச்சு. கீழ்ப்பக்கமெல்லாம் களி மாதிரி.”

“மேல தேயிலை மலைக்கு சல்பேட் உரம் போடுறாங்களா?”

“போடாம? மழை பேஞ்சா அந்தத் தண்ணி கான் வாய்க்கால் வழியா கல்லறைக்குத்தான் வருது.”

மேசன் மட்டப்பலகையைத் துடைத்தார்.

“அது சுண்ணாம்புக்கல் தூள் கலந்த சீமெந்துக்கா. வீட்டுச் சுவருக்கு நல்லா நிக்கும். சல்பேட் தண்ணியில ஊறிக் கிடந்தா இப்படித்தான் ஆயிரும். நான் யோசிக்காம விட்டுட்டேன்.”

“உங்கள குத்தம் சொல்லல பாஸ். திரும்பப் பூசினா நிக்குமா?”

“அதுக்குன்னு வேற சீமெந்து இருக்கு. ஆனா மொதல்ல அந்தக் கானை வேற பக்கம் திருப்பணும்.”

“வேற பக்கம்னா எங்க லயத்து வீடுகளுக்குள்ளதான் வரும்.”

“யாருக்கா அத கல்லறைப் பக்கம் வெட்டினது?”

“அவருதான். புள்ளைங்க படுக்கிற எடத்துல உரத்தண்ணி வருதுன்னு, உசுரோட இருக்கையில அவருதான் திருப்பி வெட்டினாரு.”