பாடினால் மதிப்பெண் இல்லை

எனக்குப் பாட வராது. பள்ளியில் காலைப் பாட்டின்போது என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள். நான் வருத்தப்பட்டதில்லை. ஒழுங்காக அசைத்தேன். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்வேன் என்று என் எல்லாச் சான்றிதழ்களிலும் எழுதியிருக்கும்.

விசாரணைக் குழுவினர் மூன்று பேரும் என் கோப்பைப் படித்திருப்பீர்கள். இருந்தாலும் முதலிலிருந்து எழுதித் தருகிறேன். நேரில் பேசச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் பழுதானால் பேச்சு போய்விடலாம். அப்போதும் பாட்டு மிஞ்சியிருக்கும். அதற்கு வலப்பக்கமும் துணை நிற்கிறது. ‘தண்ணி’ என்று சொல்ல முடியாதவர், இடக்கையால் மேசையைத் தட்டிக்கொண்டு அதையே ராகமாக இழுத்துவிடுவார். பல வாரங்கள் அப்படிப் பாடினால் ராகம் கழன்றுபோய்ப் பேச்சு மட்டும் நிலைக்குமா என்பதுதான் எங்கள் ஆய்வு. நோயாளிகள் இருபது பேர். சீட்டுக் குலுக்கியதில் பத்துப் பேருக்குப் பாட்டு கிடைத்தது. அவர்களைப் பாட்டு வாத்தியார் பக்கத்து அறையில் பார்த்தார். மீதிப் பத்துப் பேருக்குப் பட அட்டைகள் மட்டும். அவர்கள் என் பொறுப்பு. ஆறு மாதம் கழித்து அவர்களுக்கும் பாட்டு தருவதாக எழுதிக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு அமர்வும் ஒலிப்பதிவாகும். கடைசித் தேர்வில் பேசிய சொல்லுக்கு மட்டுமே மதிப்பெண், பாடினால் கிடையாது. இந்த விதியை எழுதியது ஆய்வை நடத்தும் பேராசிரியர்.

என் பத்துப் பேரில் பதினான்காம் எண் நோயாளி ஒரு பேருந்து ஓட்டுநர். ஐம்பத்திரண்டு வயது. வலக்கை விளங்காது. செவ்வாய்தோறும் பத்து மணிக்கு அவர் மனைவி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார். அந்த அம்மா தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கும், கழற்ற மறந்திருப்பார்.

“இவரு வண்டிக்கு ஹாரனே தேவையில்ல டாக்டரம்மா, வாயே போதும். ரோடு பூரா கேக்கும். இப்ப பாருங்க, சாமி மாதிரி உக்காந்திருக்காரு,” என்றார் முதல் நாள்.

நான் டாக்டர் இல்லை, பேச்சுப் பயிற்சியாளர். திருத்தவில்லை.

ஆறாவது வாரம் நான் அட்டைகளை எடுத்து வர வெளியே போனேன். நடைவழியில் அந்த அம்மா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வார்த்தை இல்லாத மெட்டு. பக்கத்தில் இருந்த ஓட்டுநர் நாற்காலியின் கைப்பிடியை இடக்கையால் தட்டினார். பிறகு அதே மெட்டில், “தண்ணி வேணும், தண்ணி வேணும்” என்று பாடினார். உச்சரிப்பு தெளிவாக இருந்தது.

“கேட்டீங்களா டாக்டரம்மா? வீட்டுலயும் நேத்து பாடினாரு. என் பேரச் சொல்லிப் பாடினாரு. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல ஏய்னு கூப்பிட்டதுதான். பேரு தெரியும்னே எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது.” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இப்போது இன்னொரு விதியைக் கவனியுங்கள். அட்டைக் குழுவில் இருப்பவர் பாட ஆரம்பித்தால் ஒரு வரி எழுதி அவரை ஆய்விலிருந்து விடுவிக்க வேண்டும். மறுநாளே பாட்டு வாத்தியாரிடம் அனுப்பலாம். ஆனால் இருபது பத்தொன்பதாகிவிடும். “ஒரு ஆள் கொறைஞ்சாலும் கதை கந்தல்மா,” என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இந்த ஆய்வு வென்றால் எத்தனையோ பேருக்குப் பேச்சு வரும். ஒருவரை ஒரு பக்கமும் அத்தனை பேரை மறுபக்கமும் வைத்துப் பார்த்தேன். கணக்கு எளிது.

அந்த அம்மாவை என் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினேன்.

“அக்கா, பாட்டு வேண்டாம். பாடினா மூளையோட இன்னொரு பக்கமும் கெட்டுடும். மறுபடி அடைப்பு வந்தா உயிருக்கே ஆபத்து.”

அவர் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. “ஐயோ, நான்தான் உசுப்பேத்திட்டேனா? ரேடியோ?”

“அதுவும் வேண்டாம்.”

ஊசியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

பேச்சை மீட்க முதல் சில மாதங்களே மூளை முழு மூச்சாக முயலும். பிறகு மெல்ல ஓய்ந்துவிடும். எனக்கு இது தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். என் முதுகலை ஆய்வேடே அதைப் பற்றித்தான்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா வலக்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். “ராகம் இழுத்தாரு. வாயப் பொத்தினேன். கடிச்சிட்டாரு. போகட்டும், உசிரோட இருந்தா போதும்.” துணியை அவிழ்த்துக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே நான்கு பற்கள் பதிந்திருந்தன. களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில், ‘வீட்டில் ஒத்துழைப்பு நன்று’ என்று குறித்தேன்.

அதன்பின் அவர் வீட்டில் ராகம் இழுக்கவில்லை. மனைவி கையைத் தூக்கினாலே வாயை மூடிக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

ஆறு மாதம் முடிந்தது. வரைபடத்தில் பாட்டுக் குழுவின் கோடு ஏறியது, எங்கள் கோடு தரையோடு கிடந்தது. பேராசிரியர் அதைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார். பாட்டு வேண்டுமா என்று பத்துப் பேரையும் கேட்கும் படிவம் வந்தது. பதினான்காம் எண்ணுக்கு நேரே, ‘விருப்பமில்லை, அட்டைப் பயிற்சியே தொடரட்டும்’ என்று நானே எழுதினேன்.

இங்கேதான் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள். ஆய்வு முடிந்த பிறகு அவரைத் தடுத்ததற்கு ஆய்வு எப்படிக் காரணமாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

ஒலிப்பதிவுகளை மதிப்பிட வெளியூர் மையத்துக்கு அனுப்புவது வழக்கம். தேர்வுப் பகுதியை மட்டும்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டிருக்கிறார்கள். நாற்பது நிமிடப் பதிவுகள் பலவற்றில் நோயாளியின் குரலே இல்லை, பயிற்சியாளர் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவர்கள் எழுதியது உண்மை. பத்து நிமிடம் அட்டை காட்டுவேன். மீதி நேரம் பேசுவேன்.

வீட்டில் என் அண்ணன், “இவ வாய்க்குப் பூட்டு போட்டு சாவியத் தொலைச்சாச்சு,” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். வேலையிடத்தில் யாராவது வணக்கம் சொன்னால் பதில் சொல்வதற்குள் அவர்கள் போயிருப்பார்கள். ஓட்டுநரிடம் அப்படி இல்லை. முதல் செவ்வாயே எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. அண்ணனைப் பற்றி, கடைசி வரிசையைப் பற்றி, சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே பேசவில்லை. பேச்சு திரும்பினால் அவரும் மற்றவர்களைப் போல ஆகிவிடுவார். பாட்டு வாத்தியாரிடம் போனால் செவ்வாய்க்கிழமை வெறுமையாகிவிடும். நடைவழியில் அவர் பாடியபோது நான் நினைத்தது இதைத்தான். இருபது, பத்தொன்பது கணக்கெல்லாம் சாயங்காலம் யோசித்தது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனிதருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த பேச்சை நான் நிறுத்தினேன். தெரிந்தே செய்தேன். மனைவியின் கையாலேயே செய்தேன்.

ஆனால் அவருக்கு அந்த நேரம் துன்பமாக இருந்தது என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. இருபத்தாறு செவ்வாய்க்கிழமைகள் அவர் பொறுமையாகக் கேட்டார். எங்களுக்குள் ஒரு புரிதல் இருந்தது.

கடைசித் தேர்வின் பதிவில், முப்பத்தோராவது நிமிடத்தில் கேட்பது அவர் குரல்தான். நான் பேசிக்கொண்டிருந்தபோது இடக்கையால் மேசையைத் தட்டி, மனைவியின் மெட்டில், “போதும் பாப்பா, போதும் பாப்பா, கொஞ்சம் பேசாம இரு” என்று மூன்று முறை பாடினார். பிறகு அழுதார்.

அது பாட்டு, பேச்சு அல்ல. விதிப்படி சுழியம் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.