நீல ஸ்டிக்கர்

“நீலம் நல்லா இருக்கணும்னு நானே வேண்டிக்கினேன் மச்சான்.”

பூந்தமல்லி பஸ் காட்டுப்பாக்கம் சிக்னலில் நின்றபோது முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் கேட்டது. பஸ்ஸில் வருகிறவன் காதை எங்கே கழற்றி வைப்பது? சொன்னவரின் மொட்டைத் தலையில் இப்போதுதான் முடி அரும்பியிருந்தது. பக்கத்தில் அவருடைய நண்பர் கைபேசியில் பங்கு விலை பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பும் நீலமும் கம்ப்யூட்டர் சிப் செய்யும் இரண்டு போட்டிக் கம்பெனிகள் என்பது கேட்கக் கேட்கப் புரிந்தது. மொட்டைத் தலைக்காரர் பணம் போட்டிருப்பது சிவப்பில், நண்பர் போட்டிருப்பது நீலத்தில்.

“நீயா? நீலம் எப்போ கவுந்துடும்னு பாத்துகினு இருந்த ஆளாச்சே!”

“ஆமா. அவங்க சிப்பு சூடாயி நடுவுல நின்னுடும்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்.”

“அப்புறம் இன்னா ஆச்சு?”

“ஐசியூவுல அம்மா பெட்டாண்ட ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருந்தாங்க. நெஞ்சுத் துடிப்பு காட்டுறது. அதுல நீல ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு.”

நண்பர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“இம்மா நாளா நான் பேசுனதெல்லாம் அதுக்குக் கேட்டிருக்குமோன்னு பயம் வந்துடுச்சு. அந்த ஸ்டிக்கரையே பாத்துகினு, இன்னைக்கு மட்டும் நின்னுடாதேன்னு கெஞ்சினேன்.”

சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்தது. நண்பர் மெதுவாகக் கேட்டார்.

“நின்னுடுச்சா?”

“இல்ல மச்சான். அது கடைசி வரைக்கும் ஓடிகினேதான் இருந்துச்சு. நின்னது அம்மா மூச்சுதான்.”