ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி

கதை எழுதத் துணிந்தமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். வெடிமருந்து ஆலையின் மருத்துவ அறையில் மூவர் பேசிக்கொண்டதை மட்டுமே இங்கே வைக்கிறேன். ஒருவர் ஆலையில் கலவை போடுபவர். அடுத்தவர் அவர் மனைவி. மூன்றாமவர் பணிக்குப் புதிதாக வந்த பெண் மருத்துவர். இடையில் நான் புகுந்தால் அவர்கள் பேச்சு கெட்டுவிடும் என்பதால் ஒதுங்கிக்கொள்கிறேன்.

— இவர் வீட்டுல இருந்தாத்தான் எனக்குத் தலை வலிக்குது டாக்டரம்மா. வேலைக்குக் கிளம்பிப் போயிட்டார்னா மத்தியானத்துக்குள்ள தெளிஞ்சுடுது. அப்ப வியாதி யாருன்னு நீங்களே சொல்லுங்க.

— பாருங்க டாக்டர், கட்டின புருஷனையே வியாதிங்கறா. பெட்டியைக் கட்டிக் கையோட கொண்டாந்து வாசல்ல வெச்சிருக்கா. இங்கேருந்து நேரா தங்கச்சி வீட்டுக்குப் போறாளாம்.

— போறாளாம் இல்ல. போறேன். இனிமே அங்கதான்.

— தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எந்தக் கிழமையில வலிக்கும்?

— ஞாயித்துக்கிழமை. அன்னிக்குத்தானே இவருக்கு லீவு. ரெண்டு நெத்திப்பொட்டும் விண்விண்ணுன்னு தெறிக்கும். முகம் குப்புன்னு சிவந்துடும்.

— ஐயா அன்னிக்கு என்ன பண்ணுவார்?

— தொப்பியை மாட்டிக்கிட்டு சோபாவுல படுத்துக் கிடப்பார். வேற என்ன.

— மன்னிக்கணும். வீட்டுக்குள்ள தொப்பியா?

— உள்ள தலைவலிக்கு மருந்துத் துணி வெச்சிருக்காராம். தனக்கு மட்டும் வராம பாத்துக்குவார்.

— மருந்தா? என்ன மருந்துங்க ஐயா?

— பாருங்க டாக்டர், அது நம்ம செக்‌ஷன்ல எல்லாரும் பண்றதுதான். டைனமைட்டுக்குக் கலக்கற எண்ணெய் இருக்கில்ல, அதைப் புதுசாத் தொட்டா மண்டை பொளந்துடும். தொட்டுத்தொட்டுப் பழகிடும். ஒருநாள் லீவு விட்டா, திங்கக்கிழமை மறுபடி மண்டை பொளக்கும். அதனால சனிக்கிழமை கிளம்பும்போது ஒரு துணியில லேசா ஒத்தி, தொப்பிக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்துடுவோம். திங்கக்கிழமை தலை கம்முனு இருக்கும்.

— வெடிமருந்தைத் தலையில வெச்சுக்கிட்டா என் அடுப்புப் பக்கம் வந்து நின்னீங்க?

— ஒரு பொட்டுத்தானேடி. அப்படியே வெடிச்சாலும் தொப்பி மட்டும்தான் போகும்.

— அதுவும் சரிதான். உள்ள வேற ஒண்ணும் இல்லையே.

— குறுக்கே பேசறதுக்கு ரெண்டு பேரும் மன்னிக்கணும். அந்த எண்ணெய் தோல் வழியாவே ரத்தத்துல இறங்கும். மூளையில இருக்கற ரத்தக்குழாயை விரிச்சுடும். அப்பத்தான் தலை அப்படித் தெறிக்கும். தினமும் பட்டா உடம்பு பழகி, குழாய் விரியறது அடங்கிடும். ஐயாவுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகாம தொப்பி பாத்துக்குது. ஆனா பழக்கமே இல்லாதவங்க மேல பட்டா... அம்மா, அந்தத் தொப்பி உங்க மேல படறதுக்கு ஏதாவது வழி இருக்கா?

— வழியா? வலிக்குதுன்னு லேசா முனகினாப் போதும், தன் தொப்பியைக் கழட்டி என் தலையில மாட்டி, காது வரைக்கும் இழுத்து விட்டுடுவார்.

— எனக்குக் கேக்கற மருந்து உனக்குக் கேக்காதான்னுதான்.

— முதல் முதல்ல வந்த வலிக்கு, ஐயா தலை வெச்ச தலையணையே போதும்மா. அதுக்கு மேல தொப்பி வேற.

— பாருங்க டாக்டர், என் பங்கையில்ல இவளுக்குக் குடுத்தேன். அது இல்லாம திங்கக்கிழமையெல்லாம் நான் கண்ணைத் திறக்க முடியாமக் கலவை போட்டேன்.

— இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க.

— சொன்னா நீ வேண்டாம்னுடுவே.

— ஐயா, அந்தத் தொப்பியைக் கழட்டி என் மேசையில வைக்காதீங்க, தயவுசெஞ்சு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம். நன்றி. இனிமே வீட்டுக்கு அந்தத் துணி போகக்கூடாது. உங்களுக்குத் திங்கக்கிழமை வலிக்கும். வேற செக்‌ஷனுக்கு மாத்தச் சொல்லி நான் எழுதிப் பாக்கறேன்.

— வலிச்சுட்டுப் போகட்டும் டாக்டர். பெட்டியைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, அது போதும்.

— பெட்டி இருக்கட்டும். நான் போகணும்.

— அடியே, அதான் வியாதி நான் இல்லன்னு ஆயிடுச்சே.

— அதுக்கில்லைங்க. நீங்க மருந்துன்னு சொன்னதை நான் நம்பிட்டேன். எனக்குத்தான் கேக்கல, தங்கச்சிக்காவது கேக்கட்டுமேன்னு வாராவாரம் உங்க துணியில பாதியை வெட்டி, தலையணை உறைக்குள்ள வெச்சுக்கோன்னு அனுப்பிட்டிருந்தேன்.

— ஐயையோ. அவங்களுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?

— தலைவலி பல்லாலதான்னு ரெண்டு கடைவாய்ப்பல் பிடுங்கியாச்சு டாக்டரம்மா. கண்ணாடி மாத்தி மாத்திப் பாத்தாச்சு. எழுத வேண்டிய பரீட்சை போச்சு. பாத்துட்டிருந்த வேலை போச்சு. தலைவலிக்காரி வேண்டாம்னு, பேசி முடிச்ச மாப்பிள்ளையும் போயாச்சு.