பெட்டி பெரிசா வேண்டாம்

“பெட்டி சின்னதாவே இருக்கட்டுங்க. பெரிசா எடுத்தா நம்ம குத்தகை நிலம் போயிடும்.”

குத்தகைத் தகராறு ஓயாதிருந்த வருஷங்கள் அவை. மகாலிங்க சுவாமியைத் தரிசித்துவிட்டுத் திருவிடைமருதூரில் கும்பகோணம் பஸ் ஏறியிருந்தேன். சொன்னவள் முன் சீட்டில் இருந்த நடுவயது அம்மாள். பக்கத்தில் அவள் புருஷன். கன்னியாகுமரிக்குப் போய் வரப் பெட்டி வாங்கக் கிளம்பியிருந்தார்கள்.

“நாலு நாளைக்குத் துணி மஞ்சப்பையில அடங்குமா?” என்றார் அவர்.

“பெட்டியோட பார்த்தா, ஊரைக் காலி பண்ணிட்டோம்னு மிராசுதாரு சொல்லிடுவாரு.”

“அதான் குத்தகைக்காரனை வெளியேத்தக் கூடாதுன்னு சட்டம் வந்திருச்சே.”

“பக்கத்து வயக்காரரு மக கல்யாணத்துக்குப் போனாரு. திரும்பி வர்றதுக்குள்ள, நிலத்தை விட்டுட்டுப் போயிட்டாருன்னு ஏரை இறக்கி உழுதுட்டாங்க. சட்டமா வந்து தடுத்துச்சு?”

அவளே தொடர்ந்தாள்.

“பையோட போனாலும் கதவுல பூட்டு தொங்குமே. காலையில வாசல்ல கோலம் இருக்காதே. நீங்க மட்டும் போயிட்டு வாங்க. கடல் எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க.”

“கடல் பாக்கணும்னு இருபது வருஷமா கேட்டவ நீ. நான் மட்டும் போயி என்னத்தப் பாக்கறது?”

கும்பகோணம் வந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே பெட்டி விற்கும் கடை வாசலில் அவள் கால் கொஞ்சம் தயங்கியது. அவர்களுக்காக நான் மகாலிங்க சுவாமியை நினைத்துக்கொண்டேன்.

“வா,” என்றார் அவர். “ஒரு காப்பி குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸைப் புடிப்போம். இருட்டுறதுக்குள்ள நம்ம வீட்டுல வெளக்கு எரியணும்.”