பதினேழாவது பாட்டு

பல் மருத்துவரிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. பேசுவதற்கு வாய் வேண்டும். அது எங்கள் கையில் இருக்கும். இந்த விசாரணை முடிந்தால் என் உரிமம் போகும் என்கிறீர்கள். இருக்கட்டும். நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், அப்படியே சொல்கிறேன்.

ஒரு நோயாளி மறந்து வைத்துவிட்டுப் போன சிடியில்தான் எல்லாம் தொடங்கியது. பல குழுக்கள் வாசித்த பழைய பிரிட்டிஷ் ராக் பாடல்கள், மொத்தம் இருபது. பதினாறு வரைக்கும் பெரிய பெரிய குழுக்கள். மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மிடுக்காக வந்து போனார்கள். பதினேழாவதாக வந்தவர்கள் ஊர் பேர் தெரியாத ஐந்து பேர். ஒன்பது நிமிடப் பாட்டு. ஆறாவது நிமிடத்தில் மற்றதெல்லாம் அடங்கி, கிடார் மட்டும் தனியாக எழுந்து வரும். அப்போது நான் ஒருவருடைய பல்லைக் குடைந்துகொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல் அவ்வளவு மோசமா என்று அவர் பயந்துபோனார்.

தேடிப் பார்த்ததில், அவர்கள் போட்டது ஒரே ஒரு ஆல்பம். யாரும் சீண்டவில்லை, கலைந்துவிட்டார்கள். சிடியோடு வந்த புத்தகத்தில் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம். இவர்களுக்கு மூன்று வரி. எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஆல்பத்தை எங்கெங்கோ சொல்லி வரவழைத்தேன்.

மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிடத்தில் மிக்ஸியை ஓடவிட்டாள். நர்ஸ் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், அதுவும் என் கிளினிக் பஞ்சு. மிஞ்சியவர்கள் நோயாளிகள்தான். பல்லுக்கு அளவெடுக்க வாயில் வைக்கும் மாவு இறுக மூன்று நிமிடம் போதும். நான் ஒன்பது நிமிடம் வைத்தேன். ஒருவரும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் இசை தெரிந்த ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. என் மனைவியின் தம்பி வீட்டில் நாலு கிடார் வைத்திருப்பவன். அவன் நல்ல பாட்டு என்று சொல்லிவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். மூன்று மாதம் அவன் பின்னால் அலைந்தேன், பிடி கொடுக்கவில்லை. கடைசியில் கடைவாய்ப் பல் வலியோடு அவனாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மரத்துப்போக ஊசியைப் போட்டுவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

நாலாவது நிமிடத்தில் அவன் சொன்னான்: "பெரிய பேண்டுங்க வாசிச்சதைத்தான் இவங்களும் வாசிச்சிருக்காங்க மாமா. புதுசா ஒண்ணும் இல்ல."

"ஆறாவது நிமிஷம் வரைக்கும் இரு" என்றேன்.

"அதெல்லாம் வேணாம். சீக்கிரம் பல்லைப் புடுங்கிட்டு ஆளை விடுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன். ஒரு பல்லைப் பிடுங்க எனக்கு நாலு நிமிடம் ஆகும். ஒன்பது நிமிடப் பாட்டுக்கு ஒரு பல் எப்படிப் போதும்? அதனால் பக்கத்திலிருந்த நல்ல பல்லிலிருந்து ஆரம்பித்தேன். ஆறாவது நிமிடம் வந்தபோது அவன் கையைக் காலை ஆட்டினான். நிறுத்தச் சொல்லித்தான் ஆட்டினான் என்கிறார் நர்ஸ். எனக்கு அவன் தாளம் போட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு ரசிக்கிறானே என்று இன்னொரு தடவை போட்டேன். ஆக, நல்ல பற்கள் நான்கு. ஒன்றில்கூட வேர் உடையவில்லை. தொழிலில் என்னைக் குறை சொல்ல முடியாது.

முடிந்ததும், பாட்டு எப்படி என்று கேட்டேன். மெல்லத் தலையாட்டினான். மயக்கத்தில் தலை சரிந்தது என்று நர்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். இருபத்திரண்டு வருடமாக வாய் பேச முடியாதவர்களோடுதான் எனக்குப் பழக்கம். சம்மதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

வலித்த பல்லை மட்டும் ஏன் விட்டுவைத்தேன் என்று கேட்கிறீர்கள். அந்த ஆல்பத்தில் இன்னும் ஏழு பாட்டு பாக்கி இருக்கிறது. அவன் திரும்பி வர வேண்டாமா?